எழுத்துப் பாய் வாங்குவதா, வீட்டில் கிடக்கும் பாயே போதுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் பல வீடுகளில் வரும்படி நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் பள்ளிச் செலவும் வந்து சேரும். அதோடு சேர்ந்தே இன்னொரு கேள்வியும் வரும்: "எழுத்து அச்சடித்த விரிப்பு ஒன்று வாங்கிப் போட்டால் பிள்ளை விளையாடிக்கொண்டே படித்துவிடுமாமே, வாங்கலாமா?" சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவள் என்பதால் என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். கையில் காசு குறைவாக இருக்கும் நேரத்தில் எடுக்கிற முடிவு இது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் முன்னால் இருப்பவை நான்கு. முடி வைத்த அச்சுக் கார்ப்பெட், துண்டு துண்டாகக் கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய், ஃப்ளெக்ஸில் அடித்து வாங்கும் விரிப்பு, அப்புறம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஓலைப்பாயோ கோரைப்பாயோ ஜமுக்காளமோ, அதன்மேல் பரப்ப நாமே வெட்டிய எழுத்து அட்டைகள். நம் கரையோர வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்காவதுதான் சரி என்பது என் கருத்து. ஃபோமும் ஃப்ளெக்ஸும் பொருந்துகிற வீடுகளும் உண்டு. கார்ப்பெட்டை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அதற்குக் காரணம் நம் காற்றும் மணலும். கடற்கரை ஊரில் மணல் வீட்டுக்குள் வராத நாள் கிடையாது. பிள்ளையின் காலோடு வருகிற மணல் கார்ப்பெட்டின் முடிக்குள் இறங்கிவிட்டால் உதறினாலும் முழுசாகப் போகாது. உப்புக் காற்றில் அது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். தூசிப் பூச்சிகள் பெருகுவதற்கு ஈரக்காற்றும், மனிதத் தோலிலிருந்து உதிரும் துகளும் போதும். இரண்டும் அங்கே தாராளமாகக் கிடைக்கும். இளைப்பு இருக்கும் பிள்ளைக்கு அது நல்லதல்ல. துவைக்கலாம் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் தடிமனான விரிப்பு எப்போது காய்வது? வழுக்காமல் இருக்க அடியில் பூசியிருக்கும் ரப்பரும் வெயிலிலும் ஈரத்திலும் சில காலத்தில் பொடியாகத் தரையில் ஒட்டும். கடையில் கிடைக்கும் கார்ப்பெட்டுகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்தும் ஆப்பிள் படமும்தான். நாம் சொல்லித் தர நினைப்பது தமிழ் எழுத்து.

சரி, சுத்தம், விலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, எழுத்து அச்சடித்த விரிப்பு உண்மையில் என்ன சொல்லித் தருகிறது என்று பார்ப்போம். முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான்.

அச்சில் இருக்கும் எழுத்து இடம் மாறாது. 'அ' எப்போதும் இடது மூலையில் அணிலோடு இருக்கும், 'ஆ' அதன் பக்கத்தில் ஆட்டோடு இருக்கும். சில நாளில் பிள்ளை ஓடிப்போய்ச் சரியான கட்டத்தில் நிற்கும். நமக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பிள்ளை பார்ப்பது எழுத்தையா, மூலையையா, அணிலையா? கண்டுபிடிப்பது சுலபம். படத்தின்மேல் ஒரு காகிதத்தை வைத்து மறைத்துவிட்டு, விரிப்பைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, பிள்ளையை எழுத்துக்கு நேராக நிற்க வைத்துக் கேளுங்கள். அதே எழுத்தைச் சிலேட்டில் எழுதியும் கேளுங்கள். அப்போதும் சொன்னால் எழுத்து தெரியும். தடுமாறினால் இடம்தான் தெரியும். இது பிள்ளையின் குறை கிடையாது. மாறாமல் இருப்பதை வைத்து நினைவு வைத்துக்கொள்வது எல்லாரும் செய்வதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழில் மொத்தம் 247 எழுத்து. அவ்வளவும் இருக்கும் விரிப்பு என்று சொல்லி விற்பார்கள், கேட்கவும் நன்றாக இருக்கும். நான்கடிக்கு ஆறடி விரிப்பில் அதை அட்டவணையாகப் போட்டால் தலைப்புக் கட்டங்களையும் சேர்த்து அகலத்தில் 13, நீளத்தில் 19 கட்டம் வரும். ஒரு கட்டம் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம்தான். ஐந்து வயதுப் பிள்ளையின் பாதமே அதைவிட நீளம், ஒரே சமயத்தில் இரண்டு எழுத்தை மிதிக்கும். குதித்து விளையாட அது உதவாது, சுவரில் மாட்டி வைக்கலாம். உயிரும் மெய்யுமாக முப்பது எழுத்தை மட்டும் ஐந்துக்கு ஆறாகப் பிரித்தால் ஒரு கட்டம் 24க்கு 30 சென்டிமீட்டர் வரும். அதில் பாதம் நன்றாகப் பதியும். ஆகவே அச்சு விரிப்புதான் வாங்குவது என்று முடிவு செய்தால், எழுத்து குறைவாக இருப்பதையே வாங்குங்கள்.

ஃபோம் பாய்க்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல குணம் உண்டு. துண்டுகளைக் கழற்றி மாற்றிக் கோக்கலாம். 30 சென்டிமீட்டர் துண்டு என்றால் பிள்ளை அதன்மேல் தாராளமாக நிற்கும். நடுவில் இருக்கும் எழுத்தைத் தனியே எடுத்து விரலால் அதன் ஓரத்தைத் தடவலாம், திரும்ப அதன் குழியில் பொருத்தலாம். தவழும் குழந்தை, விழுந்து விழுந்து நடக்கப் பழகும் குழந்தை இருக்கும் வீட்டில், டைல்ஸ் தரைக்கு மேலே அந்த மெத்து மிகவும் உதவும். ஆனால் எழுத்து கழன்று வருவது ஆபத்தும்கூட. மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தை சிறு துண்டைக் கடித்து விழுங்கப் பார்க்கும். அந்த வயதில் எழுத்தைக் கழற்ற முடியாத, வெறும் வண்ணத் துண்டுகளே போதும்.

வாங்கும்போது மோந்து பாருங்கள். இந்த ஃபோமைப் பொங்கச் செய்யும் வேலையில் ஃபார்மமைடு என்ற வேதிப்பொருள் தங்கிவிடலாம். அதை முன்னிட்டு 2010இல் பெல்ஜியம் இத்தகைய பாய்களை விற்பனையிலிருந்து விலக்கியது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் விளையாட்டுப் பொருட்களில் அதற்கு அளவு வரம்பு வைத்தது. நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாமல், நெடி தூக்கலாக வரும் பாயை அப்படியே கடையில் வைத்துவிட்டு வாருங்கள். நல்லதாக வாங்கியதையும் நாலைந்து நாள் திண்ணையில் நிழலில் காற்றாட விரித்து வைத்து, பிறகு உள்ளே கொண்டுவருவது நல்லது. கோத்த இடுக்குகளில் மணலும் சோற்றுப் பருக்கையும் சேரும். அடியில் ஈரம் தங்கிப் பூசணமும் பிடிக்கும். வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து வெளியில் சாய்த்து வைக்கத் தயாரென்றால் மட்டும் வாங்குங்கள்.

ஃப்ளெக்ஸ் நம் ஊர்களில் எல்லா நல்லது கெட்டதுக்கும் அடிப்பதுதான். ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கடையில் கொடுத்தால் நாம் கேட்கும் அளவில், நாம் கேட்கும் எழுத்தில் கிடைக்கும். சதுர அடிக் கணக்கில் காசு, ஈரத்துணியால் ஒரு துடை, சுருட்டினால் மூலையில் நிற்கும். ஆங்கிலம் அச்சடித்த கார்ப்பெட்டுக்குப் பதில் இறால், சங்கு, நண்டு, வலை, பனை என்று பிள்ளை தினமும் பார்ப்பதையே படமாகப் போடச் சொல்லலாம். எனக்குப் பிடித்த விஷயம் அது. அச்சுக்கு முன்னால் கடைத் திரையில் ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள். 'ஔ' போட வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கிறது. ந, ன, ண மூன்றும் ல, ள, ழ மூன்றும் சரியான படத்தோடுதான் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு குறை உண்டு. ஃப்ளெக்ஸ் வழவழப்பானது. டைல்ஸ் தரையில், அதுவும் அடியில் மணல் இருந்தால், குதிக்கும் பிள்ளையோடு சேர்ந்து நகரும். உட்கார்ந்து விளையாட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டுங்கள். மை வாசனை போகும்வரை வெளியே உலரட்டும்.

தரையிலேயே பெயின்டால் எழுத்து போடுவது ஐந்தாவது வழி. அங்கன்வாடிகளில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அது வேண்டாம். பிள்ளை வளர்ந்த பிறகும் எழுத்து போகாது. சிமென்ட் தரை என்றால் சாக்பீஸே போதும், துடைத்துவிட்டு மறுநாள் வேறு எழுத்து போடலாம்.

இனி, கடைக்காரர் யாரும் சொல்லாத ஒரு சங்கடம். எழுத்தைக் காலால் மிதிக்கலாமா? புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகள் நம்முடையவை. "எழுத்து மேல ஏறி நிக்காத தாயி" என்று அப்பத்தா சத்தம் போடும்போது, பள்ளியில் அப்படித்தான் விளையாடுகிறார்கள் என்று அவர் வாயை அடைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் பிள்ளைக்குச் சொல்லித் தருவதும் ஒரு பாடம்தான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் அரபு எழுத்தும் சேர்த்துப் படிக்கும் வீடுகளில், ஓதுகிற எழுத்தைத் தரையில் மிதிபட வைப்பது இன்னும் கூடாத காரியம். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் அன்போடு வாங்கிவரும் அரபு எழுத்து விரிப்பைச் சில வீடுகளில் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்கள். அது நல்ல தீர்வு. என் தீர்வு இன்னும் எளிது: காலுக்கு எண்ணும் நிறமும், கைக்கு எழுத்து. குதிப்பதெல்லாம் எண் கட்டத்தில் நடக்கட்டும், எழுத்தைக் கையால் எடுத்து அடுக்கட்டும்.

நான்காவது வழியை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாய் வெறும் பாயாக இருக்கும். அதன்மேல் எழுத்து வரும், போகும்.

இது புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையிலும் விரிப்பு இருக்கிறது. ஆனால் அதில் எதுவும் அச்சடித்திருக்காது. பிள்ளை தானே ஒரு சின்ன விரிப்பை விரிக்கும், எடுத்துவந்த பொருளை அதன்மேல் வைத்து வேலை செய்யும், முடிந்ததும் சுருட்டி வைக்கும். இது என் இடம், இது என் வேலை என்று பிள்ளைக்குத் தெரிவதுதான் அந்த விரிப்பின் பயன். எழுத்தைச் சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டி, விரலால் தடவ வைத்தார் அவர். சலித்த மணலை ஒரு தட்டில் பரப்பினால் நமக்கு அதுவே கிடைத்துவிடும்.

அட்டைக்குக் காசே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை, மிட்டாய்ப் பெட்டி, நோட்டு அட்டை எதுவானாலும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி, தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டினால் உப்புக் காற்றில் சீக்கிரம் ஊறாது. எல்லா எழுத்தையும் ஒரே நாளில் எழுத வேண்டாம். ப, ட, ம, க, ண, ல என்று ஆறு எழுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டை. புள்ளியை மட்டும் எழுதாதீர்கள். அதற்குக் கரையில் கிடக்கும் சின்னச் சிப்பி நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாயில் க, ட, ல என்று வைத்துப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். 'கடல' என்று வரும். 'ல'வின் தலையில் ஒரு சிப்பியை வையுங்கள்: கடல். சிப்பியை எடுத்தால் மறுபடி கடல. புள்ளி வைத்தால் ஓசை எப்படிக் குறுகுகிறது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே செய்து காதால் கேட்கிறது. அச்சு விரிப்பு எதிலும் இதைச் செய்ய முடியாது, அதில் புள்ளி ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. இதே ஆறு எழுத்தில் கல், பல், கண், மண், படம், பணம், மணல், மடல், பட்டம், கட்டம் எல்லாம் வரும். அடுத்த வாரம் ஒரு துணைக்காலை மட்டும் தனி அட்டையில் எழுதிக் கொடுங்கள்: கல் காலாகும், பல் பாலாகும், படம் பாடமாகும். அரசுப் பள்ளிகளில் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் செயல்பாடு வழியாகத்தான் பாடம். ஆகவே வீட்டில் செய்வதும் அங்கே நடப்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

சிப்பி பொறுக்கும்போது ஒன்று. வெறும் மட்டிச் சிப்பி போதும். பவளப்பாறைத் துண்டை எடுத்து வரச் சொல்லாதீர்கள், அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் சிப்பியே வேண்டாம், அதன் கைக்கு எட்டினால் வாய்க்குத்தான் போகும். வட்டமாக வெட்டிய பெரிய அட்டையைப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் இன்னொரு நன்மையை நம் பக்கத்துப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள். இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் கரை சேர்ந்த மனுஷர் பகலில்தான் உறங்குவார். ஒற்றை அறை வீட்டில் பிள்ளை குதித்துக் குதித்து எழுத்து படித்தால் அவர் எப்படிக் கண்மூடுவது? அட்டை அடுக்கும் விளையாட்டில் சத்தமே இல்லை. சாப்பிடவும் படுக்கவும் வலை பொத்தவும் அதே தரைதான் என்பதால், ஐந்து நிமிடத்தில் சுருட்டி வைக்க முடிகிற பாய்தான் நமக்கு வசதி. ஓலைப்பாயில் மணல் தங்காது, தூக்கி உதறினால் போய்விடும். குறை என்றால், ஓரத்து ஓலைச் சிலாம்பு தவழும் குழந்தையின் கையில் குத்தும், மழைக்காலத்தில் கறுப்பாகப் பூசணம் பூக்கும். வெயில் அடிக்கிற நாளில் காயப் போட்டுக்கொள்ள வேண்டும். டைல்ஸ் தரையில் இதுவும் வழுக்கும்.

எண்ணுக்கு மட்டும் கால் விளையாட்டு நன்றாகப் பொருந்தும். இதில் ஒரு ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. கீதா ரமணி, ராபர்ட் சீக்ளர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்டது. 1 முதல் 10 வரை ஒரே நேர்வரிசையில் எழுதிய பலகையில் காய் நகர்த்தி ஆடிய சிறு பிள்ளைகளுக்கு, எண் இல்லாத வண்ணப் பலகையில் ஆடியவர்களைவிட எண்ணறிவு கூடியது. வட்டமாக எண் எழுதிய பலகைக்கு அந்த அளவு பலன் இல்லை என்று அடுத்த ஆண்டு வந்த ஆய்வில் கண்டார்கள். ஆகவே பூப்போல, ரயில்போல எண்களை வளைத்து வளைத்துப் போட்ட அழகான விரிப்பைவிட, நேராக ஒரு வரிசை மேல். ஜமுக்காளத்தின் பட்டைகளில் 1 முதல் 10 வரை அட்டை வைத்தாலே அது வந்துவிடும். சோழி உருட்டி, விழுந்த அளவு நகரச் சொல்லுங்கள். 3இல் நிற்கிற பிள்ளை இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் "நாலு, அஞ்சு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர வேண்டும். அந்த ஒரு பழக்கம் பின்னால் கூட்டலுக்குப் பெரிய உதவி. 1 முதல் 100 வரை போட்ட சதுர விரிப்பு ஒன்றாம் வகுப்பு பாதி தாண்டிய பிறகு போதும்.

இனி வீட்டுக்கு வீடு எப்படி என்று சொல்கிறேன். தவழும் குழந்தையும் டைல்ஸ் தரையும் இருந்தால், வெறும் வண்ண ஃபோம் துண்டுகள் வாங்குங்கள். அது படிப்புக்கு வேண்டாம், விழும்போது அடிபடாமல் இருக்கட்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை பிள்ளை இருக்கும் வீட்டில் பாயும் அட்டையும் முதலில் தொடங்குங்கள், ஒரு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு வேறு எதையும் யோசிக்கலாம். பெரியவர் யாரும் கூட உட்கார நேரமே இல்லாத வீடு என்றால், அட்டையும் தனியே வேலை செய்யாது, ஆயிரம் ரூபாய் விரிப்பும் வேலை செய்யாது. அங்கே அக்காவையோ அண்ணனையோ பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளையையோ பத்து நிமிடம் உட்கார வைப்பதற்கு வழி தேடுங்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் இடமானால் ஃப்ளெக்ஸ் நல்ல முடிவு, செலவையும் பகிர்ந்துகொள்ளலாம். முப்பது எழுத்துக்கு மேல் போடாமல், ஓரத்தில் 1 முதல் 10 வரை நேர்வரிசை ஒன்றும் சேர்த்து அடிக்கக் கொடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். அந்தக் காசில் படம் போட்ட தமிழ்க் கதைப் புத்தகங்கள் நாலைந்து வாங்கலாம்.